முதலில் யார்? கோல்கீப்பரா, கோல் அடிப்பவரா?

எந்த இடத்துக்கு முதலில் ஆள் பிடிப்பது என்று ஐந்து சீசன்கள் தடுமாறியது புனே கால்பந்து அணி. அந்தத் தடுமாற்றத்தில் இந்தியக் கால்பந்தின் பெரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது.

2017 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. மும்பையில் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தின் டிராஃப்ட். பத்து அணிகள், பட்டியலில் 205 இந்திய ஆட்டக்காரர்கள். கிரிக்கெட் ஐ.பி.எல். ஏலம் போல விலையை ஏற்றிக்கொண்டே போகும் விளையாட்டல்ல இது. ஒவ்வொருவருக்கும் சம்பளம் முன்பே நிர்ணயமாகிவிட்டது. அணிகள் முறை வைத்து ஒருவரைக் கேட்கும். கேட்டவுடன் அவர் அந்த அணிக்குச் சொந்தம். பணத்தைவிட இங்கே வரிசைதான் முக்கியம். இன்று கோல்கீப்பரை எடுத்தால், அடுத்த முறை வருவதற்குள் நல்ல விங்கர் பறந்துபோயிருப்பார்.

அன்று முதலில் போனவர் அனஸ் எடத்தொடிகா. மலப்புரத்துக்காரர், நடுத் தற்காப்பு ஆட்டக்காரர். புதிதாக வந்த ஜாம்ஷெட்பூர் அணி அவரை 1.10 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதே தொகைக்கு நடுக்கள ஆட்டக்காரர் யூஜின்சன் லிங்டோ கொல்கத்தாவுக்குப் போனார். புனே ரசிகர்களுக்கு இரண்டு பெயர்களும் பழகியவை. அனஸ், ஐ-லீகில் ஆடிய பழைய புனே எஃப்.சி.யில் முதிர்ந்தவர். லிங்டோவோ 2015 ஏலத்தில் எஃப்.சி. புனே சிட்டி 1.05 கோடி கொடுத்து வாங்கியவர்.

அந்த 1.05 கோடி என்ன பலன் தந்தது? 2015ல் புனே எட்டு அணிகளில் ஏழாவது. அதற்கு முந்தைய ஆண்டும், அடுத்த ஆண்டும் ஆறாவது. முதல் மூன்று ஆண்டுகளில் அணி நிர்வாகத்தின் கண் முன்வரிசை மீதே இருந்தது. 2014ல் உலகக் கோப்பை வென்ற பிரான்ஸ் அணியின் டேவிட் ட்ரெசெகே, 2015ல் ருமேனியாவின் அட்ரியன் முட்டு, 2016ல் ஐஸ்லாந்தின் எய்டர் குட்ஜான்சன். மூவருமே முன்கள ஆட்டக்காரர்கள். மூவருமே தங்கள் உச்சத்தைத் தாண்டி வந்தவர்கள். குட்ஜான்சன் காயம் காரணமாக களம் இறங்கவே இல்லை. பாலேவாடி மைதானத்துக்குக் கூட்டம் சேர்க்கப் பெயர் போதும்; புள்ளிப் பட்டியலில் ஏற அது போதவில்லை.

எந்த இடத்துக்கு முதலில் ஆள் எடுப்பது என்பதில் கால்பந்துக்காரர்கள் மூன்று கட்சி. கோல்கீப்பரும் நடுத் தற்காப்பும்தான் அஸ்திவாரம், வீட்டைக் கூரையிலிருந்தா கட்டுவார்கள் என்பது முதல் கட்சி. நடுக்களம் கையில் இருந்தால் ஆட்டமே கையில் என்பது இரண்டாவது. கோல் அடிப்பவன் கிடைப்பதுதான் அரிது, அரிதானதை முதலில் எடு என்பது மூன்றாவது. அமெரிக்காவில், அவர்கள் கால்பந்து என்று சொல்லும் வேறொரு ஆட்டத்தில், 1936 முதல் டிராஃப்ட் நடக்கிறது. முந்தைய சீசனில் கடைசியில் வந்த அணிக்கு முதல் உரிமை என்பது அங்கே அடிப்படை விதி. எந்த இடத்துக்கு முதலில் என்ற சண்டை அங்கேயும் இன்னும் ஓயவில்லை.

ஆனால் இந்தியாவில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. டிராஃப்ட் இந்தியர்களுக்கு மட்டுமே. வெளிநாட்டவரை அணிகள் தனியே ஒப்பந்தம் செய்துகொள்ளும். 2016 வரை களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017ல் அது ஐந்தானது. எனவே அணி நிர்வாகத்தின் உண்மையான கேள்வி, 'எந்த இடம் முக்கியம்' என்பதல்ல. 'எந்த இடங்களை இந்தியர்களிடம் நம்பி விடலாம்' என்பதே.

2017ல் புனே தந்த பதில் தெளிவானது. இமாசலப் பிரதேசத்தின் இளம் கோல்கீப்பர் விஷால் கைத்தையும், விங்கர் ஆஷிக் குருணியனையும் டிராஃப்டுக்கு முன்பே தக்கவைத்துக்கொண்டது. டிராஃப்டில் கீன் லூயிஸ் போன்ற விங்கர், ஃபனாய் போன்ற பக்கவாட்டுத் தற்காப்பு ஆட்டக்காரர், ஜூவல் ராஜா, ஆதில் கான் போன்ற நடுக்கள உழைப்பாளிகள். நடுத் தற்காப்புக்கு ரஃபா லோபஸ், டமிர் கிர்கிச். நடுக்களத்துக்கு மார்க்கோஸ் டேபர். முன்னால் பிரேசிலின் மார்செலினோ, உருகுவேயின் எமிலியானோ அல்ஃபாரோ. முதுகெலும்பு வெளிநாடு, விலா எலும்புகள் இந்தியா.

பலன் கிடைத்தது. அல்ஃபாரோ 9 கோல், மார்செலினோ 8. 18 ஆட்டங்களில் 30 புள்ளிகளுடன் நான்காவது இடம், முதன்முறையாக அரையிறுதி. அனஸையும் கோல்கீப்பர் சுப்ரதா பாலையும் வாங்கிப் பின்வரிசையைக் கோட்டையாக்கிய ஜாம்ஷெட்பூர், கோல் அடிக்கத் திணறி ஐந்தாவது இடத்தில் நின்றது. லிங்டோவைக் காயத்தால் இழந்த கொல்கத்தா ஒன்பதாவது. அஸ்திவாரக் கட்சிக்கும் நடுக்களக் கட்சிக்கும் அந்த ஆண்டு நல்ல ஆண்டல்ல.

அப்படியானால் புனேயின் சூத்திரம் சரியா? அரையிறுதியில் பெங்களூரு அதற்குப் பதில் சொன்னது. பாலேவாடியில் 0-0. பெங்களூரில் 3-1. அந்த மூன்று கோலையும் அடித்தவர் ஓர் இந்தியர், சுனில் சேத்ரி. இன்னொரு அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி. கோவாவை 3-0 என்று வீழ்த்தியது. மிசோரமின் ஜெஜெ இரண்டு கோல், வியாசர்பாடியின் தனபால் கணேஷ் ஒன்று. எல்லா அணிகளும் வெளிநாட்டவருக்கு ஒதுக்கும் ஸ்ட்ரைக்கர் இடத்தில் ஜெஜெ, நடுக்களத்தின் மையத்தில் கணேஷ். அந்த ஆண்டு கோப்பை சென்னைக்கு வந்தது.

ஒரு சீசனை வைத்துச் சட்டம் வகுக்க முடியாது. ஆனால் கணக்கு புரிகிறது. முக்கிய இடத்தில் ஆடத் தகுதியான ஓர் இந்தியர் கிடைத்தால், ஒரு வெளிநாட்டவரின் இடம் மிச்சம். அந்த மிச்சத்தை வேறெங்கோ செலவழிக்கலாம். டிராஃப்டில் முதலில் எடுக்க வேண்டியவர் அவர்தான்; அவர் எந்த இடத்தில் ஆடுகிறார் என்பது அடுத்த கேள்வி.

புனேக்கு இதைப் பொறுமையாகச் செய்ய அவகாசம் இருந்ததில்லை. கொலம்பா, பிளாட், ஹபாஸ், போபோவிச், போர்ச்சுகல், பிரவுன் என்று ஐந்து சீசனில் ஆறு பயிற்சியாளர்கள். 2017 டிராஃப்ட் நடந்தபோது பயிற்சியாளர் ஹபாஸ். சீசன் தொடங்கியபோது போபோவிச். ஒருவர் போட்ட மளிகைப் பட்டியலில் இன்னொருவர் சமைத்தார். நல்ல வேளையாக, சமையல் ருசித்தது. 2018-19ல் மறுபடி ஏழாவது இடம்.

2019ல் அணியே கலைந்தது. அதன் இடத்துக்கு ஹைதராபாத் வந்தது. புனே இழந்த முதல் அணி அல்ல அது. 2012-13 ஐ-லீகில் இரண்டாவதாக வந்த புனே எஃப்.சி.யும் அதற்கு முன்பே மறைந்திருந்தது. மும்பையில் டிராஃப்டும் 2017க்குப் பிறகு நடக்கவில்லை; ஆட்டக்காரர்களை அணிகள் நேரடியாகவே பேசி எடுக்கின்றன.

ஆனால் புனே தேர்ந்தெடுத்தவர்கள் வீணாகவில்லை. விஷால் கைத் பிறகு மோகன் பகானுக்குப் போய் 2022-23ல் சிறந்த கோல்கீப்பருக்கான விருதை வாங்கினார். மலப்புரத்திலிருந்து சிறுவனாகப் புனே அகாடமிக்கு வந்த ஆஷிக் 2019 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். தேசிய அணி மறந்துவிட்டிருந்த ஆதில் கான் மீண்டும் அழைக்கப்பட்டு, 2019 அக்டோபரில் கொல்கத்தாவில் வங்கதேசத்துக்கு எதிராக 88வது நிமிடத்தில் தலையால் முட்டி இந்தியாவைத் தோல்வியிலிருந்து காப்பாற்றினார்.

கோல்கீப்பர், விங்கர், தடுப்பவர். கவனித்தால், இந்தப் பட்டியலில் ஸ்ட்ரைக்கர் இல்லை. புனே மட்டுமல்ல, பெரும்பாலான அணிகள் அந்த இடத்தை வெளிநாட்டவருக்கே விட்டுவைத்தன. விளைவு, 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சேத்ரியை 2025 மார்ச்சில், நாற்பது வயதில், தேசிய அணி திரும்ப அழைத்தது. வந்த முதல் ஆட்டத்திலேயே மாலத்தீவுக்கு எதிராக கோல் அடித்தார். அவருக்குப் பெருமை. நாட்டுக்கு?

2021-22 முதல் களத்தில் வெளிநாட்டவர் நான்கு பேர்தான் என்று லீக் குறைத்தது. ஏழு இடங்கள் இந்தியர்களுக்கு. விதி வாசலைத் திறந்துவிட்டது. ஆனால் கோல் முன்னால் நிற்கும் அந்த ஓர் இடத்தில், இருபது வயதுப் பையன் ஒருவனை நிறுத்தி, அவன் பத்து வாய்ப்புகளை வீணடிக்கும்வரை பொறுத்திருக்க ஓர் அணி வேண்டும். எந்த இடத்துக்கு முதலில் ஆள் என்ற பழைய வாதத்துக்கு இந்தியாவின் பதில் அதுதான். அந்த அணி எந்த ஊரில் இருக்கிறது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.