காற்றில் வந்த குரலுக்கு இனிக் கட்டணமா?



உங்கள் இல்லத்துப் பரணிலோ, சமையலறை அலமாரியின் மேல்தட்டிலோ பழைய டிரான்சிஸ்டர் பெட்டியொன்று இன்னும் இருக்கிறதா? இருக்குமானால் ஒரு நாள் அதை எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள். காலையில் வாப்பா கடைக்குப் புறப்படும் நேரத்தையும், உம்மா உலை வைக்கும் நேரத்தையும் நமக்கு அறிவித்த பெட்டி அது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. அந்தக் குரல்களுக்கு உரியவர்களை நாம் நேரில் கண்டதில்லை. ஆயினும் அவர்கள் நம் வீட்டு மனிதர்களாகவே இருந்தார்கள்.

அத்தகைய குரல்கள் இன்று வானொலி நிலையத்தை விட்டு வெளியேறுகின்றன. கைபேசிக்குள் குடிபுகுந்து, "மாதக் கட்டணம் செலுத்துங்கள், பேசுகிறோம்" என்கின்றன. வருத்தப்பட வேண்டிய செய்தியா இது? வரவேற்க வேண்டிய செய்தியா? சற்றுப் பொறுமையாக ஆராய்வோம்.

மலைமேல் ஒரு சிற்றூர்

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை என்னும் ஊர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊர் போளூர். பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் பூமி. கைபேசிச் சமிக்ஞை மலைமடிப்பில் வருவதும் மறைவதுமாக இருக்கும் இத்தகைய ஊர்களில், காட்டு வேலைக்குச் செல்வோருக்கு வானொலி எவ்வளவு பெரிய துணை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதே மலையில்தான் 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிக்கும் கொடைக்கானல் பண்பலை நிலையமும் இருக்கிறது. மலையுச்சியில் ஏன் நிலையம் அமைத்தார்கள்? பண்பலை அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்பவை. ஒலிபரப்பும் கோபுரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தொலைவுக்கு அதன் குரல் எட்டும். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் நிற்கும் கொடைக்கானலிலிருந்து திண்டுக்கல், மதுரை, தேனி, கோவை, திருப்பூர், கரூர் என்று சமவெளி முழுவதும் அந்த ஒலி இறங்கிப் பரவுகிறது. கேட்பவன் செல்வனா ஏழையா என்று அலை பார்ப்பதில்லை. பெட்டி இருந்தால் போதும்!

அந்தக் குரலுக்குச் சோறிட்டது யார்?

"வானொலி இலவசமாயிற்றே, இப்போது மட்டும் ஏன் காசு கேட்கிறார்கள்?" என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் வானொலி எல்லாக் காலத்திலும் முழுக்க முழுக்க இலவசமாக இருந்ததில்லை என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்துக்குச் சென்று உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. 1980களின் நடுப்பகுதியில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. அதுவரை கேட்பவரின் காசிலும் ஒரு பங்கு வானொலிக்குச் சென்றது.

இரண்டாவது வழி விளம்பரம். 1952ஆம் ஆண்டில் அன்றைய ஒலிபரப்புத் துறை அமைச்சர் பி.வி. கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் மறைந்தன. நேயர்கள் கூட்டம் கூட்டமாக இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினர். அதே 1952இல், ஒரு பற்பசை நிறுவனத்தின் ஆதரவில் 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சி அங்கே தொடங்கியது. அதை நடத்தியவர் பம்பாயைச் சேர்ந்த அமீன் சயானி. அவருடைய தாயார் குல்சூம் சயானி, புதிதாக எழுத்தறிவு பெற்றவர்களுக்காக 'ரஹ்பர்' என்னும் இதழை நடத்திய பெருமாட்டி. அன்னையின் இதழ்ப் பணியில் உதவியதால்தான் எளிய மக்களுக்கு விளங்கும் மொழி தமக்கு வாய்த்தது என்று மகன் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

அந்த நிகழ்ச்சிக்காக அவருக்குத் தொடக்கத்தில் கிடைத்த ஊதியம் வாரத்துக்கு 25 ரூபாய்! ஆனால் அவருக்கு வந்து குவிந்த கடிதங்களோ ஆயிரக்கணக்கில். குரலின் புகழுக்கும் குரலுக்கு உரியவரின் வருவாய்க்கும் இடையே இருந்த தூரத்தை இந்த ஒரு செய்தியே உணர்த்திவிடும். கேட்போர் நாடெங்கும் இருந்தனர். பணம் கொடுத்ததோ பற்பசை நிறுவனம்.

தமிழிலும் இதே கதைதான். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோர் இலங்கை வானொலி வழியே தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தார்கள். அவர்களுள் அப்துல் ஹமீத், வானொலியில் புகழ்பெற்ற 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைத் தொலைக்காட்சிக்கும் கொண்டு சென்று இன்னொரு தலைமுறையைக் கவர்ந்தார். நேயரின் அன்பு எப்போதும் நிலையத்தின் மீது மட்டும் இருப்பதில்லை. குரல் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகிறது. இன்றைய மாற்றம் முழுவதற்கும் இந்த உண்மையே அடிப்படை.

நிலையத்தை விட்டு ஏன் வெளியேறுகிறார்கள்?

2001இல் பெங்களூரில் தொடங்கிய தனியார் பண்பலை, அடுத்த சில ஆண்டுகளில் தமிழக நகரங்களுக்கும் வந்தது. துடிப்பான இளம் அறிவிப்பாளர்கள் உருவானார்கள். ஆனால் பாடலுக்கும் விளம்பரத்துக்கும் இடையே கிடைக்கும் சில நிமிடங்களில் என்ன பேசிவிட முடியும்? தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பவும் அனுமதியில்லை. அரசு வானொலியிலோ, பல அறிவிப்பாளர்கள் நிரந்தரப் பணியின்றி, வேலை செய்த நாளுக்கு மட்டும் ஊதியம் பெறும் தற்காலிகப் பணியாளர்களாகவே ஆண்டுகளைக் கழித்திருக்கிறார்கள்.

இந்நிலையில் வந்ததுதான் 'பாட்காஸ்ட்'. தமிழில் வலையொலி என்கிறார்கள். பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் வைத்துவிட்டால், விரும்பியவர் விரும்பிய நேரத்தில் கேட்கலாம். அலைவரிசை உரிமம் வேண்டாம், கோபுரம் வேண்டாம். நல்ல ஒலிவாங்கியும் அமைதியான அறையும் போதும். 2004ஆம் ஆண்டில் பிறந்த இச்சொல், 2005இல் ஆப்பிள் நிறுவனம் தன் மென்பொருளில் இடமளித்ததும் உலகெங்கும் பரவியது.

லண்டனின் 'எக்ஸ்.எஃப்.எம்.' வானொலியில் பேசிவந்த நகைச்சுவையாளர் ரிக்கி ஜெர்வைஸ், 2005 டிசம்பரில் இலவச வலையொலி தொடங்கி, மறு ஆண்டே அதைக் கட்டணச் சேவையாக்கினார். அமெரிக்காவில் ஹோவர்ட் ஸ்டெர்ன் என்னும் அறிவிப்பாளர், ஐந்தாண்டுகளுக்கு 50 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் 2006இல் சாதாரண வானொலியை விட்டுக் கட்டணச் செயற்கைக்கோள் வானொலிக்கு மாறினார். நம் நாட்டிலும் பண்பலையில் 2011 முதல் கதை சொல்லிப் புகழ்பெற்ற நீலேஷ் மிஸ்ரா, பின்னர் இணையச் செயலிகளில் தம் குரலை நிலைநாட்டினார். அமீன் சயானியும் தம் பழைய நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் குறுந்தட்டுத் தொகுதிகளாகப் புதுக்கித் தந்தார். காற்றில் இலவசமாகக் கேட்டதை நேயர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். 2024 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது நாடே அந்தக் குரலை நினைந்து உருகியது.

ஒரு சிறு கணக்கு

ஓர் உதாரணம் பாருங்கள். ஓர் அறிவிப்பாளருக்கு ஒரு இலட்சம் நேயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர்களில் நூற்றுக்கு ஒருவர் மாதம் 50 ரூபாய் கொடுத்தால் ஆயிரம் பேரிடமிருந்து 50,000 ரூபாய் சேரும். ஒரு குடும்பம் மானத்தோடு வாழ அது போதும். விளம்பரதாரரின் முகம் பார்க்காமல் உண்மையைப் பேசவும் துணிவு வரும். உழைத்தவரின் கூலியைத் தாமதமின்றிக் கொடுத்துவிட வேண்டும் என்று சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்த நாம், இதில் குறை காண முடியுமா?

முடியாது. ஆனால் கணக்கின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். மீதமுள்ள 99,000 பேர் என்ன ஆவார்கள்? போளூர்க் காட்டில் பூண்டு பிடுங்கும் பெண்மணியும், நம் தெருவில் பீடி சுற்றும் பெரியம்மாவும், கண் மங்கிப்போன முதியவரும் அந்தப் பட்டியலில்தானே இருக்கிறார்கள்? வானொலியின் சிறப்பே, கொடுக்க இயலாதவரையும் கொடுப்பவருக்குச் சமமாக அமர வைத்ததுதான். கட்டணக் கதவு அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இன்னோர் இழப்பும் உண்டு. வானொலியைக் குடும்பமே சேர்ந்து கேட்டது. பாட்டியும் பேத்தியும் ஒரே நகைச்சுவைக்குச் சிரித்தார்கள். வலையொலியைக் காதில் செருகிக்கொண்டு தனித்தனியே கேட்கிறோம். ஒரே கூடத்தில் நால்வர் அமர்ந்து நான்கு உலகங்களில் உலாவுகிறோம்!

மறக்கக் கூடாத ஒரு பாடம்

கட்டண வானொலி நமக்கு முற்றிலும் புதிதன்று. 'வேர்ல்டுஸ்பேஸ்' என்னும் செயற்கைக்கோள் வானொலி இந்தியாவில் சந்தா முறையில் இயங்கியது. தமிழுக்கெனத் தனி அலைவரிசையும் அதில் இருந்தது. தனிக் கருவி வாங்கி, முன்பணம் கட்டிப் பலர் கேட்டு மகிழ்ந்தனர். தாய் நிறுவனம் 2008இல் திவாலாக, 2009 டிசம்பர் 31ஆம் நாளோடு இந்தியச் சேவை நின்றுபோயிற்று. வாங்கிய கருவிகள் ஊமையாகின. கட்டணம் செலுத்துவதால் மட்டும் ஒரு குரல் நிலைத்துவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாம் என்ன செய்யலாம்?

முதலாவதாக, உங்களுக்குப் பயன்தரும் ஒரு குரலுக்கு வசதி இருந்தால் மனமுவந்து கட்டணம் செலுத்துங்கள். ஆனால் இலவசப் பகுதிகளைச் சில வாரம் கேட்டு, அது பிள்ளைகள் முன்னிலையிலும் கேட்கத் தக்கதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவதாக, ஆண்டுச் சந்தாவைவிட மாதச் சந்தா பாதுகாப்பானது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்கும் ஏற்பாட்டுக்குச் சம்மதம் கொடுத்திருந்தால், அதை நிறுத்தும் வழியையும் அன்றே தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதை நிறுத்திய பின்னும் மாதந்தோறும் பணம் போய்க்கொண்டிருக்கும் வீடுகள் பல.

மூன்றாவதாக, வலையொலியைச் சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கிக்கொண்டு, கிடைக்காத இடத்திலும் கேட்கலாம். சந்தைக்கு இறங்கிய மகன் பதிவிறக்கி வந்தால், மலைமேல் இருக்கும் தாய்க்கும் அது எட்டும். வாரம் ஒரு முறையேனும் செவிக்கருவியைக் கழற்றிவிட்டு, கூடத்தில் ஒலிக்கவிட்டு எல்லாருமாகக் கேளுங்கள்.

நான்காவதாக, இலவச வானொலியைக் கைவிட்டுவிடாதீர்கள். இன்று ஆகாசவாணி என்று அழைக்கப்படும் அகில இந்திய வானொலியின் நிலையங்களைக் கைபேசிச் செயலியிலும் இலவசமாகக் கேட்க முடிகிறது. நிகழ்ச்சி பிடித்திருந்தால் நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். கேட்பார் இல்லை என்று கருதினால் நிலையங்கள் சுருங்கிவிடும். 76 ஆண்டுகள் ஒலித்த பி.பி.சி. தமிழோசை வானொலி, 2017 ஏப்ரல் 30ஆம் நாளோடு ஓய்ந்ததை நாம் கண்டோம் அல்லவா?

அறிவிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கட்டணம் பெறுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் வாரத்தில் ஒரு நிகழ்ச்சியையேனும் கதவு திறந்த வீடாக வைத்திருங்கள். உங்களை உயர்த்தியவர்களில் பெரும்பாலோர் காசு கொடுத்தவர்கள் அல்லர், காது கொடுத்தவர்கள்.

நேயர்களே, இன்று மாலை அந்தப் பழைய பெட்டிக்கு இரண்டு மின்கலங்கள் வாங்கிப் போட்டுப் பாருங்கள். மலையிலிருந்து இறங்கிவரும் ஒரு குரல் யாரிடமும் எதுவும் கேட்காமல், "வணக்கம் நேயர்களே" என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதைக் கேட்க வீட்டில் உள்ள பெரியவர்களையும் அழைத்து அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.