பருவைக் கிள்ளாதே!

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. ஆனால் மகள் கண்ணாடியை விட்டு நகரவில்லை.

"அம்மா, நான் இன்றைக்குப் பள்ளிக்கூடம் போகமாட்டேன்!"

"ஏன் கண்ணு, உடம்பு சரியில்லையா?"

"என் முகத்தைப் பாரம்மா! எல்லோரும் கேலி செய்வார்கள்."

நெற்றியில் நாலு பரு. கன்னத்தில் இரண்டு. மூக்கின் மேல் சில கரும்புள்ளிகள். அவ்வளவுதான். ஆனால் 14 வயதுப் பெண்ணுக்கு அது பெரிய துக்கம்!

வளரும் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் இந்தக் காட்சியைக் காணலாம். பெண்களுக்கு மட்டும் அல்ல, மீசை அரும்பும் பையன்களுக்கும் இந்தக் கவலை உண்டு. 12 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்டவர்களில், 100-க்கு ஏறத்தாழ 85 பேருக்குக் கொஞ்சமாவது பரு வருகிறது என்று டாக்டர்கள் கூறுகிறார்கள்.

"வயசுக் கோளாறு, தானாகப் போய்விடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. பரு போய்விடும். ஆனால், கிள்ளிக் கெடுத்த முகத்தில் தழும்பு நின்றுவிடும். அது ஆயுள் முழுவதும் போகாமல் இருக்கலாம்!

பரு ஏன் வருகிறது?

முகத்துத் தோலில் சின்னஞ்சிறு துவாரங்கள் உண்டு. அவற்றின் அடியில் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. தோல் வறண்டு போகாமல் காப்பது இந்த எண்ணெய்தான்.

பிள்ளைகள் பருவம் அடையும்போது உடம்பில் சில ஹார்மோன்கள் அதிகமாகின்றன. அதனால் எண்ணெயும் அதிகமாகச் சுரக்கிறது. உதிரும் தோல் துணுக்குகள் எண்ணெயோடு சேர்ந்து துவாரத்தை அடைத்துக் கொள்கின்றன. அடைப்பின் வாய் திறந்திருந்தால் கரும்புள்ளி. மூடியிருந்தால் வெள்ளை முளை. உள்ளே கிருமி பெருகினால் சிவந்து வீங்குகிறது, சீழ் வைக்கிறது.

கரும்புள்ளியின் கறுப்பு நிறம் அழுக்கு அல்ல. ஆகவே, தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் அது போகாது. பரு ஒருவரிடம் இருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. "ஆசை வைத்தால் பரு வரும்" என்பது வெறும் கட்டுக்கதை!

செய்யக் கூடாதவை

பருவைக் கிள்ளாதீர்கள். பிதுக்காதீர்கள். பிதுக்கினால் சீழ் முழுவதும் வெளியே வராது. ஒரு பகுதி உள்ளே இறங்கி, வீக்கம் பெரிதாகும். நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் பரு ஆறிய இடத்தில் கரும்படை தங்கிவிடும். அது மறைய மாதக்கணக்கில் ஆகும்.

எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா ஆகியவற்றைப் பருவின் மேல் பூசுகிறார்கள். இவை தோலைப் புண்ணாக்கும். சொரசொரப்பான நாரும் வேண்டாம்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது நல்ல பழக்கம். ஆனால் அது நெற்றியில் வழிந்தால் அங்கேயும் துவாரம் அடைபடும். எண்ணெயை அளவாகத் தேய்த்து, நெற்றியைத் துடைத்துவிடுங்கள்.

என்ன செய்யலாம்?

காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை முகம் கழுவினால் போதும். வியர்த்து விளையாடி வந்தால் இன்னொரு முறை கழுவலாம். காரம் இல்லாத சோப்பு நல்லது. துண்டால் அழுத்தித் துடைக்காமல், ஒற்றி எடுக்க வேண்டும்.

லேசான பருவுக்கு மேலே பூசும் மருந்தே பெரும்பாலும் போதும். முக்கியமானவை மூன்று.

முதலாவது, பென்சாயில் பெராக்சைடு. இது கிருமியைக் கொல்லும். 100-க்கு இரண்டரை பங்கு மருந்து உள்ள களிம்பில் தொடங்கலாம். பங்கு கூடினால் எரிச்சலும் கூடும். ஓர் எச்சரிக்கை: இந்த மருந்து பட்டால் துணியின் சாயம் வெளுத்துவிடும். பட்டுத் தாவணியும் தலையணை உறையும் ஜாக்கிரதை!

இரண்டாவது, அடாப்பலீன். இது துவாரம் அடைபடாமல் காக்கும். இரவில் மட்டும் பூச வேண்டும். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசலாம். ஆரம்பத்தில் தோல் வறண்டு, சற்று உரியும். பயப்பட வேண்டாம். கர்ப்பிணிகள் இதைப் பூசக் கூடாது.

மூன்றாவது, சாலிசிலிக் அமிலம். இது கரும்புள்ளியை இளக்கும். முன்னதைவிடச் சக்தி குறைந்தது.

எந்த மருந்து ஏற்றது என்று டாக்டரிடம் கேட்டு வாங்குவது நல்லது. பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதுபோல் பூசாமல், பரு வரும் இடம் முழுவதும் மெல்லிசாகப் பூச வேண்டும். புதுப் பரு முளைக்காமல் தடுப்பதுதான் மருந்தின் முக்கிய வேலை. பகலில் வெயிலில் போகிறவர்கள் வெயில் தடுப்புக் களிம்பும் பூசுவது நல்லது.

பொறுமை வேண்டும்

இன்று பூசினால் நாளை பரு மறையாது. பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். முழுப் பலனுக்கு 12 வாரமும் ஆகலாம். பத்தே நாளில் "இது உதவாது" என்று தூக்கி எறிந்து, வேறு மருந்துக்குத் தாவுகிறவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள்.

இனிப்பும் சர்க்கரைப் பானமும் சிலருக்குப் பருவை அதிகமாக்கக் கூடும். குறைத்துக் கொள்வது நல்லதே. ஆனால் உணவை மாற்றினால் மட்டும் பரு போய்விடாது.

முகத்தைக் கெடுக்கும் களிம்பு

பொறுமை இல்லாதவர்களுக்குப் பெரிய ஆபத்து ஒன்று காத்திருக்கிறது. அதுதான் ஸ்டீராய்டு களிம்பு!

"பரு போகும், முகம் சிவப்பாகும்" என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, அதை வாங்கிப் பூசுகிறார்கள். முதல் வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலியும். கன்னம் சிவந்து எரியும். முகத்தில் முடி முளைக்கும். பருவும் முன்னைவிட அதிகமாகும். நிறுத்தினால் எரிச்சல் கூடுவதால் நிறுத்தவும் முடியாது!

இதனால்தான் 2018-ம் ஆண்டில் மத்திய அரசு, 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. வாங்கும் களிம்பில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

டாக்டரிடம் எப்போது?

பரு பெரிய கட்டியாக வலித்தாலும், தழும்பு விழத் தொடங்கினாலும், 12 வாரம் மருந்து பூசியும் குணம் தெரியாவிட்டாலும் தோல் டாக்டரிடம் காட்டுங்கள். பெண் பிள்ளைக்கு மாதவிலக்கு ஒழுங்கு தவறி, மீசை தாடி இடத்தில் முடியும் வளர்ந்தால் அதையும் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பிள்ளை யாரோடும் பேசாமல் அறைக்குள் முடங்கினால், அதுவும் டாக்டரிடம் போகக் காரணம்தான்.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "என்னடா மூஞ்சி இது?" என்று கேலி செய்யாதீர்கள். அந்த ஒரு சொல்லே பிள்ளையின் விரலைப் பருவுக்குக் கொண்டுபோகும்.

"கிள்ளாதே கண்ணு, மருந்து பூசுவோம். மூன்று மாதம் பொறுத்துக்கொள்" என்று தாய் சொன்னால், மகள் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவாள்!