பெரிய விமானம் இறங்க எவ்வளவு இடம் வேண்டும்?

கப்பலூர் என்று பெயர், கடலோ வெகுதூரம்! ஆனால் பறக்கும் கப்பல்கள் அவ்வூர் மாணவர்களுக்குப் பழகிய காட்சி. மதுரை விமான நிலையம் ஊருக்கு ஏறத்தாழ நேர் கிழக்கே இருக்கிறது. அதன் ஓடுபாதையும் கிழக்கு மேற்காகவே அமைந்துள்ளது.

இரண்டாம் உலகப் போரில், 1942-இல், பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய தளம் இது. இன்று ஓடுபாதையின் நீளம் 2,285 மீட்டர். போயிங் 737, ஏர்பஸ் 320 போன்ற விமானங்களுக்கு அது போதும். போயிங் 747-க்கு ஏன் போதாது?

ஒரு கணக்குப் போடுவோம். விமானம் வினாடிக்கு 80 மீட்டர் வேகம் பெற்றதும் தரையை விட்டு எழும்புவதாகக் கொள்வோம். முடுக்கம் 1.6 என்க. வேகத்தின் வர்க்கத்தை முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் 2,000 மீட்டர் கிடைக்கும். எடை கூடினால் எழும்பும் வேகமும் கூட வேண்டும். அது 90 ஆனால் தூரம் 2,531 மீட்டர்! வேகம் எட்டில் ஒரு பங்கு கூடியதற்கு, தூரம் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. பாதி ஓட்டத்தில் எஞ்சின் பழுதானால் நிற்பதற்கும் இடம் வேண்டுமல்லவா?

மதுரை வெயிலையும் மறக்கக்கூடாது. 15 டிகிரியில் இருந்த காற்று 40 டிகிரிக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி 8 சதவீதம் குறையும். இறக்கைக்குத் தாங்கல் குறைவதால் ஓட்டம் சுமார் 9 சதவீதம் நீளும். எஞ்சினின் உந்துவிசையும் குறைவதால் உண்மையில் இன்னும் அதிகம்.

747-400 ரக விமானம் கிட்டத்தட்ட 397 டன் எடையுடன் கிளம்பும். சுமையைப் பகிர 18 சக்கரங்கள் உண்டு. ஆயினும் பாதையின் தளம் மிகக் கனமாக இருக்க வேண்டும்.

பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளிலும் இதே சிக்கலைச் சந்தித்தது. மலைகள் சூழ்ந்த ஹாங்காங்கில் கடலைத் தூர்த்து, 1958-இல் புதிய ஓடுபாதை திறந்தார்கள். அதுவரை கப்பலிலேயே செல்ல முடிந்த செஷல்ஸ் தீவுகளில், கடலோரத்தைப் பவளப்பாறைத் துகளால் நிரப்பிய விமான நிலையத்தை 1972-இல் எலிசபெத் ராணி திறந்துவைத்தார்.

மதுரையில் தூர்க்கக் கடல் இல்லை. வயலும் வீடும்தான் உண்டு. பாதையை 3,810 மீட்டராக நீட்டும் திட்டத்திற்கு 600 ஏக்கருக்கு மேல் நிலம் தேவைப்பட்டது. மாற்று இடம் தந்த பிறகே வெளியேறுவோம் என்று சின்ன உடைப்பு கிராம மக்கள் 2024 நவம்பரில் போராடினார்கள். நம் கணக்கில் 'தூரம்' என்று எழுதினோமே, அதில் அவர்கள் வீடுகளும் அடங்கும். நீளும் பாதையின் குறுக்கே சுற்றுச்சாலை வேறு செல்கிறது. ஓடுபாதைக்கு அடியில் சாலையை விடும் யோசனை எழுந்தது அதனால்தான். மேலே விமானம் ஓட, கீழே பஸ் போகும்!