குப்பிக்குள் பாம்பு

கல்லூரி விலங்கியல் கூடங்களில், வெளிறிய ஓணானும் சுருண்ட பாம்பும் மிதக்கும் கண்ணாடிக் குப்பிகளைப் பார்த்திருப்பீர்கள். இவை வெறும் காட்சிப் பொருள்கள் அல்ல. பொதுவாக, ஒரு புதிய இனத்துக்கு இடப்படும் பெயர் எந்த உயிரியைக் குறிக்கிறது என்பதற்குச் சாட்சி, இப்படிப் பாதுகாக்கப்பட்ட ஓர் உடல்தான்.

உயிர் போனதும் உடலின் நொதிகளும் பாக்டீரியாக்களும் திசுக்களைச் சிதைக்கத் தொடங்குகின்றன. இதைத் தடுப்பது ஃபார்மலின். ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் பிளம் 1893-இல் இதன் பயனை வெளியிட்டார். ஃபார்மலின், புரத மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து விறைக்கச் செய்கிறது. பிணைந்த புரதம் அழுகுவதில்லை. ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு நீர் என்பது வழக்கமான அளவு. ஆனால் செதில் மூடிய தோலைக் கடந்து திரவம் விரைவில் உட்புகாது. எனவே ஊசியால் வயிற்றறைக்குள்ளும் செலுத்துகிறார்கள். இல்லையேல் வெளியே நன்றாகத் தோன்றும் பாம்பு உள்ளே அழுகிவிடும்!

விறைப்பதற்கு முன்பே உடலை ஒழுங்குபடுத்திவிட வேண்டும். பாம்பின் வயிற்றுச் செதில்களை எண்ணியே பல இனங்களைப் பிரித்தறிகிறார்கள். அவை தெரியும்படி சுருட்டாவிட்டால், பின்னால் வருபவர் பாடு திண்டாட்டம்தான்.

ஃபார்மலினிலேயே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். நாளடைவில் அதில் அமிலம் உண்டாகி எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். அதன் ஆவியும் கேடானது, புற்றுநோய்க்கும் காரணமாகலாம். ஆகவே உடலை நீரில் கழுவி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுகிறார்கள்.

இரண்டை மட்டும் குப்பியால் காக்க முடியாது. ஒன்று நிறம். பச்சைப் பாம்பின் மஞ்சள் நிறமி அழிய, அது நீலமாகிவிடுகிறது. மற்றொன்று டி.என்.ஏ. ஃபார்மலின் அதைச் சேதப்படுத்துவதால், இப்போது முன்னதாகவே சிறிது ஈரலை எடுத்துத் தனியே எத்தனாலில் வைக்கிறார்கள்.

இத்தனை செய்தும், பிடித்த இடமும் நாளும் எழுதிய சீட்டு இல்லையென்றால் பெரும்பயன் போயிற்று. அச்சீட்டைப் பென்சிலிலோ இந்தியன் மையிலோ எழுதி உடலோடு கட்டுவார்கள். பந்துமுனைப் பேனாவின் மை எத்தனாலில் கரைந்துவிடும்.

எத்தனால் எளிதில் தீப்பற்றும் என்பதே இம்முறையின் பெரிய ஆபத்து. பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரிலுள்ள புட்டான்டான் நிறுவனத்தில் 2010 மே 15 அன்று தீப்பிடித்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளாகச் சேர்த்த, 70,000-க்கும் மேற்பட்ட பாம்புகள் கொண்ட தொகுப்பின் பெரும்பகுதி எரிந்து போயிற்று. அவற்றுள் சில, காடு அழிக்கப்பட்டுவிட்ட இடங்களில் பிடிக்கப்பட்டவை. அங்கே போய் மறுபடியும் பிடித்துவர வழியில்லை.