பெட்டிக்குள் மறைந்திருக்கும் விலை

என் பேத்தி கட்டடக் கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கட்டடங்களை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருளுக்கு கிராபிக்ஸ் அட்டை பொருத்திய கணினி வேண்டும் என்று கல்லூரியில் கூறிவிட்டார்கள். புதிதாக வாங்குவதென்றால் முக்கால் லட்சம் ரூபாயைத் தாண்டும். அவளுடைய பெற்றோருக்கோ கல்விக் கட்டணமே பெருஞ்சுமை. 'உங்கள் கணினியிலேயே அந்த அட்டையைப் பொருத்திக்கொள்ள முடியாதா தாத்தா?' என்று கேட்டாள்.

மேசையில் அதிக இடத்தை அடைக்காது என்பதற்காகவே நான்கு ஆண்டுகளுக்கு முன்பு நான் வாங்கிய சிறிய கணினி அது. அதை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றேன். திருகுகளைக் கழற்றிப் பார்த்த கடைக்கார இளைஞர், 'சார், வழக்கமான அட்டை இந்தப் பெட்டிக்குள் நுழையாது. நுழைந்தாலும் பவர் சப்ளை தாங்காது. பவர் சப்ளையை மாற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை' என்றார். ஒரு பொருளின் விலை அதை வாங்கும் நாளோடு முடிந்துவிடுவதில்லை என்று பல ஆண்டுகள் வகுப்பில் கற்பித்தவன் நான். அந்தப் பாடத்தை அவர் மூன்றே வாக்கியங்களில் எனக்கு நடத்திவிட்டார்.

முதலாவது, இடம். வழக்கமான கிராபிக்ஸ் அட்டையின் உயரம் சுமார் 11 செ.மீ. சிறிய பெட்டிகளில் ஏறத்தாழ 7 செ.மீ. உயரமுள்ள குட்டை அட்டைகள் மட்டுமே நிற்கும். அட்டையின் நீளத்தையும் தடிமனையும்கூட அளந்து பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது, மின்திறன். தாய்ப்பலகையில் அட்டையைச் செருகும் பள்ளம் அதிகபட்சம் 75 வாட் மின்திறனைத் தரும். அதற்குமேல் தேவைப்படும் அட்டைகளுக்கு மின்வழங்கியிலிருந்து தனிக் கம்பி வரவேண்டும். 6 முனை கொண்ட கம்பி மேலும் 75 வாட்டும், 8 முனை கொண்டது 150 வாட்டும் தரக்கூடியவை. என் கணினியின் மின்வழங்கி மொத்தமே 260 வாட். அதில் இத்தகைய தனிக் கம்பி ஏதும் இல்லை. 65 வாட் என்று குறிக்கப்பட்ட செயலிகள் சில, சுமை கூடும்போது 100 வாட்டுக்கு மேலும் இழுக்கும். நினைவகம், வட்டு, விசிறி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் மிச்சம் அதிகமில்லை.

மூன்றாவதுதான் என்னை வருத்தியது. 1995-இல் இண்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏடிஎக்ஸ் என்னும் பொதுத் தரம், மின்வழங்கியின் அளவையும் இணைப்பு முனைகளையும் வரையறுத்தது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் கணினியில் இன்னொரு நிறுவனத்தின் மின்வழங்கியைப் பொருத்த முடிகிறது. இன்று வழக்கிலுள்ள முதன்மை இணைப்பில் 24 முனைகள் உண்டு. என் கணினியில் இருந்ததோ, அதைத் தயாரித்த நிறுவனம் தனக்கென வடிவமைத்துக்கொண்ட 6 முனை இணைப்பு. மின்வழங்கியின் அளவும் தனி. கடையில் அடுக்கி வைத்திருந்த எந்த மின்வழங்கியும் அதில் பொருந்தவில்லை.

வேறொரு கடையில் குறுக்குவழி ஒன்றைக் கூறினார்கள். வட்டுக்குச் செல்லும் சாட்டா கம்பியை 6 முனையாக மாற்றும் இணைப்பு. விலை நூறு ரூபாய்க்குச் சற்று அதிகம். அந்த சாட்டா முனை 12 வோல்ட்டில் பாதுகாப்பாகத் தரக்கூடியது 54 வாட் மட்டுமே. 6 முனை இணைப்போ 75 வாட் வரை கேட்கக்கூடியது. வரம்பை மீறி மின்சாரம் பாயும்போது முனை சூடாகி உருகிவிடக்கூடும். மலிவான மின்வழங்கிகளின் மேல் ஒட்டியிருக்கும் வாட் கணக்கையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாதபோது மட்டமான பொருள் நல்ல பொருளைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும் என்று 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் விளக்கினார். பழைய கார்களைக் கொண்டு அவர் கூறியது மின்வழங்கிக்கும் பொருந்தும்.

இறுதியில், தனிக் கம்பி தேவைப்படாத, 70 வாட்டில் இயங்கும் குட்டை அட்டை ஒன்றை வாங்கினோம். ஏறத்தாழ 20,000 ரூபாய் ஆனது. பேத்தியின் வேலை நடக்கிறது. ஆனால், இதைவிடத் திறன் மிக்க அட்டை தேவைப்படும் நாளில், பழுதில்லாத இந்தக் கணினியை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

தயாரிப்பாளர் தரப்பிலும் நியாயம் உண்டு. தனி வடிவமைப்பு இடத்தை மிச்சப்படுத்துகிறது. 12 வோல்ட் மட்டும் தரும் மின்வழங்கி, கணினி வேலையின்றி இருக்கும்போது வீணாகும் மின்சாரத்தையும் குறைக்கும். நான் குறை கூறுவது வடிவமைப்பை அன்று, மௌனத்தை. வாங்கும்போது பத்து நிறுவனங்களை ஒப்பிடும் நுகர்வோர், வாங்கிய பிறகு உதிரி பாகத்துக்கு ஒரே நிறுவனத்திடம் சிக்கிக்கொள்கிறார். கார் உதிரி பாகங்களில் இதே சிக்கல் எழுந்தபோது, 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது நினைவிருக்கலாம்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. அது நல்ல தொடக்கம். பிரான்ஸ் இன்னும் ஒரு படி முன்னே சென்று, மடிக்கணினி, கைப்பேசி போன்றவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்ற மதிப்பெண்ணை விற்குமிடத்திலேயே காட்ட வேண்டும் என 2021-இல் விதித்தது. 2022-இல் உலகம் உருவாக்கிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறைப்படி மறுசுழற்சிக்குச் சென்றது அதில் கால் பங்குக்கும் குறைவு என்கிறது ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை. நல்ல நிலையிலுள்ள கணினிகளும் அந்தக் குவியலில் சேரக் கூடாது.

கணினிப் பெட்டியின் மேல் மூன்று செய்திகளை அச்சிட அரசு உத்தரவிட்டால் போதும்: மின்வழங்கி எத்தனை வாட், அதன் இணைப்பு பொதுத் தரத்தைச் சேர்ந்ததா, எந்த அளவிலும் எத்தனை வாட்டிலும் கிராபிக்ஸ் அட்டையைப் பொருத்தலாம். இதற்கு ஆகும் செலவு, சில வரிகளை அச்சிடும் மை மட்டுமே. அதுவரை, கணினி வாங்கச் செல்லும் பெற்றோர் இந்த மூன்று கேள்விகளையும் பணம் கட்டும் முன்பே கடைக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது. நான் கேட்கத் தவறியவை அவை.