மலையின் மடியில் ஒரு கிராமம்

நார்வே தேசத்தின் மேற்குக் கரையைப் பூகோளப் படத்தில் பார்த்தால், யாரோ ஒரு குறும்புக்காரப் பையன் கத்தரிக்கோலால் தாறுமாறாக நறுக்கிவிட்டது போல் தோன்றும். மலைகளுக்கு நடுவே சமுத்திரம் நெடுந்தூரம் உள்ளே புகுந்திருக்கிறது. இந்தக் கடற்கால்களுக்குத்தான் 'பியோர்டு' என்று பெயர். ஆதியில் அப்பிரதேசத்தை மூடியிருந்த பனிப்பாறைகள் மெல்ல மெல்ல நகர்ந்து மலைகளைக் குடைந்தன. பனி உருகிய பிறகு, அந்தப் பள்ளங்களில் கடல் குடிபுகுந்தது.

அப்படிப்பட்ட ஒரு பியோர்டின் கோடியில் இருக்கிறது கெய்ராங்கர் கிராமம். குளிர்காலத்தில் அங்கே வசிப்பவர்கள் சுமார் 250 பேர்தான். கோடை வந்துவிட்டாலோ, ஊரையே விழுங்கிவிடும் போன்ற பிரம்மாண்டமான கப்பல்கள் வந்து நிற்கின்றன. லட்சக்கணக்கான பிரயாணிகள் வந்து போகிறார்கள். 2005ல் ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனம் இந்தப் பியோர்டை உலகப் பொதுச் சொத்துக்களில் ஒன்றாகச் சேர்த்தது. கப்பல்களின் புகை மலைகளுக்கிடையே தேங்கி நிற்பதைச் சகிக்காமல், நார்வே சர்க்கார் 2026 முதல் சிறிய பிரயாணிக் கப்பல்கள் புகை கக்கலாகாது என்று விதித்திருக்கிறது. பெரிய கப்பல்களுக்கு மட்டும் 2032 வரை தவணை! எந்தத் தேசத்திலும் பெரியவர்களுக்குத் தவணை கிடைத்துவிடுகிறது.

பியோர்டின் ஒரு பக்கத்தில் 'ஏழு சகோதரிகள்' என்னும் அருவிகள் வரிசையாக விழுகின்றன. எதிர்க் கரையில் தனியாக விழும் அருவிக்குப் 'பெண் கேட்டு வந்தவன்' என்று பெயர். ஏழு பேரும் மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் பாவம், அவன் குடிக்க ஆரம்பித்துவிட்டானாம். அருவியின் நடுவே புட்டியின் உருவம் தெரிகிறது என்று காட்டுகிறார்கள்.

அருவிகளைக் காட்டிலும் அதிசயமானவை, செங்குத்தான பாறைகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய பண்ணை வீடுகள். ஸ்காகெஃப்லோ என்ற பண்ணை ஜலமட்டத்துக்குச் சுமார் 800 அடி உயரத்தில் இருக்கிறது. விளைநிலம் அரிதான அந்நாட்டில், ஒரு துண்டுப் புல்தரைக்காக ஜனங்கள் அங்கே ஏறிக் குடியிருந்தார்கள், ஆடு வளர்த்தார்கள். குழந்தைகள் தவறி விழாதபடி இடுப்பில் கயிறு கட்டி வைப்பார்களாம். வரி வசூலிக்க வருகிறவர்களைக் கண்டால் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள் என்றும் ஒரு கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பண்ணை காலியாயிற்று. 1993ல் மன்னர் ஹரால்டும் ராணி சோனியாவும் தங்கள் விவாகத்தின் வெள்ளி விழாவை அங்கே கொண்டாடினார்கள்.

ஆனால், இவ்வளவு அழகையும் கொடுத்த மலையே அபாயத்தையும் வைத்திருக்கிறது. பக்கத்துக் கிளையான தாஃபியோர்டில், 1934ஆம் வருஷம் ஏப்ரல் 7ந் தேதி பின்னிரவில், மலைச்சரிவு ஒன்று பெயர்ந்து ஜலத்தில் விழுந்தது. குறுகலான வாய்க்காலில் பரவ இடமில்லாத ஜலம், பாறை விழுந்த இடத்தருகே சுமார் 200 அடி உயரத்துக்கு எழும்பியது. உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 40 பேர் மாண்டார்கள்.

கெய்ராங்கர் பியோர்டு போய்ச் சேரும் பெரிய பியோர்டின் கரையில், ஓக்னெசெட் என்ற மலைச்சரிவில் நெடிய வெடிப்பு ஒன்று இருக்கிறது. அது வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் அகன்று வருகிறது. அங்கே பெயரக்கூடிய பாறை, தாஃபியோர்டில் விழுந்ததைப் போலப் பல மடங்கு. அது முழுவதும் விழுந்தால், அலை கெய்ராங்கரை அடையச் சுமார் பத்து நிமிஷம்தான் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆகையால் இரவு பகலாக அந்த மலைக்கு நாடி பார்க்கிறார்கள். பாறையில் துளையிட்டு உள்ளே கருவிகளை இறக்கியிருக்கிறார்கள். ஆகாயத்திலுள்ள செயற்கைக் கோள்களைக் கொண்டும் அதன் அசைவை அளக்கிறார்கள். பெரும் பாறை திடீரென்று விழுவதில்லை. விழுமுன் அதன் நகர்ச்சி வேகமடையும். அந்த வேகத்தைக் கண்டு, முன்கூட்டியே ஊரைக் காலி செய்துவிடலாம் என்பதே நிபுணர்களின் நம்பிக்கை. வெடிப்புக்குள் புகும் மழை ஜலத்தை வடித்துவிட்டால் நகர்ச்சி தணியுமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். கிராமத்தாரோ, 1842ல் கட்டிய எட்டுக் கோண மரக் கோவிலில் வழிபட்டுக்கொண்டு, அடுத்த கோடைக்கு ஹோட்டல்களைச் செப்பனிட்டு வருகிறார்கள்.