திருவாதிரை சரியும் நாள்

மார்கழி முன்னிரவில் இரணைமடுக் குளக்கட்டிலே நின்று கீழ்வானை நோக்குவார்க்குச் செந்நிறமாய் எழுந்து தோன்றும் திருவாதிரை, சூரியனைவிட ஏறக்குறைய 15 முதல் 20 மடங்கு நிறை கொண்டு, ஓர் இலட்சம் ஆண்டுகளுக்குள் சரிந்து அழியுமென வானியலார் கணிக்கும் ஒரு மகா நட்சத்திரமாகும்.

இத்தகைய நட்சத்திரத்தின் நடுவே இரும்பாய்த் திரண்ட கரு, சூரிய நிறையில் 1.4 மடங்கு என்னும் எல்லையை அணுகியதும், தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் ஒரு விநாடிக்குள் பூமியளவிலிருந்து சில பத்துக் கிலோமீற்றருக்குச் சுருங்கிவிடுகிறது. அவ்வெல்லையை உலகுக்குத் தந்தது, 1930இல் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பத்தொன்பது வயதுத் தமிழ் இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், நடுக்கடலில் வெண்குறு விண்மீன்களைப் பற்றித் தொடங்கிய கணிதமே. சரிவிற் பிறக்கும் சக்தியில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை நியூத்திரினோக்கள் வாரிக்கொண்டு போகின்றன. 1987 பெப்ரவரி 23இல் அண்டை உடுக்கூட்டமான மகெல்லன் முகிலில் சரிந்த ஒரு நட்சத்திரத்திலிருந்து வந்த அவற்றுள் ஏறக்குறைய இருபத்தைந்து, ஒளிக்குச் சில மணிநேரம் முந்தியே பூமியிற் பிடிபட்டன. அதிவேகமாகச் சுழலும் நட்சத்திரமாயின் கரு கருந்துளையாகி, இரு துருவங்களின் வழியே காமாக் கதிர்களைப் பீறிடச் செய்தலும் உண்டு. ஈர்ப்பலையின் காரியம் வேறு: கரு கோணாமல் உருண்டையாகவே சரிந்தால் அலை எழாது, குழம்பிக் கோணிச் சரிதல் வேண்டும். 2015 செப்தெம்பர் 14இல் முதன்முதல் உணரப்பட்ட அலை இரு கருந்துளைகள் மோதிக் கலந்ததன் விளைவேயன்றிச் சரிவின் அலையன்று. சரிவின் அலை இன்றளவும் எவர்க்கும் அகப்படவில்லை.

இத்தனை பெருமை வாய்ந்த மீனை வன்னிப் பிள்ளைகள் பஞ்சாங்கத்தில் மாத்திரம் அறிந்திருப்பதே என் கவலை. 2019 இறுதி தொடங்கித் திருவாதிரை தான் உமிழ்ந்த தூசினால் மங்கி, 2020 பெப்ரவரியில் அண்டையிலுள்ள ரோகிணியிலும் ஒளி குன்றிநின்றபோது, அதை அறியத் தொலைநோக்கி வேண்டியிருக்கவில்லை. இவ்விரு மீன்களையும் இனங்காணும் கண்ணே போதுமாயிருந்தது. போர்க்காலத்தில் மின்சாரமற்றுக் கிடந்த இம்மண்ணில் அந்தக் கண் ஓரளவேனும் இருந்தது (அந்த இருளை நான் மெச்சவில்லை). இன்றோ ஏ-9 வீதியெங்கும், சந்திதோறும், வெண்விளக்குகள் தரையைவிட வானத்துக்கே தாராளமாய் ஒளி வழங்குகின்றன. யானை இறங்கும் ஊர்களுக்கு விளக்கு அவசியமென்பாரும் உளர், நியாயமே. அவ்விளக்குகளின் முகத்தைக் கவிழ்த்து, மேலே ஒரு மூடியிட்டுப் பூட்டினால், யானை வரும் பாதைக்கு வெளிச்சம் குறையப்போவதில்லை.